உயரம் 6 அடி 2 அங்குலம், எடை 92 கிலோ. வேலூரிலிருந்து அடிக்கடி பெங்களூரு, சென்னை போக முழங்காலும் இடுப்பும் வலிக்காத பைக் எது?

காட்பாடியில் இருக்கிறீர்கள், இப்போது ஓட்டுவது 150 சிசி வண்டி, ஒரு மணி நேரத்தில் முழங்கால் மரத்துப்போகிறது, ஷோரூமில் "சீட் உயரமான வண்டி எடுங்க சார்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆலோசனை பாதிதான் சரி.

சீட் உயரம் என்று நிறுவனங்கள் போடும் எண் தரையிலிருந்து சீட் வரை உள்ள அளவு. கால் தரையில் எட்டுமா என்று கவலைப்படுகிறவருக்குத்தான் அது தேவை. உங்கள் உயரத்துக்கு 850 மி.மீ. சீட் வைத்தாலும் பாதம் முழுசாகத் தரையில் பதியும். உங்கள் முழங்காலைத் தீர்மானிப்பது சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம். இதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள், நீங்கள்தான் டேப் வைத்து அளக்க வேண்டும்.

முதலில் இப்போதுள்ள வண்டியை அளந்துவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, உட்காரும் எலும்பு படும் பள்ளத்திலிருந்து ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் மேல்பக்கம் வரை நேர்கோட்டில் டேப் பிடியுங்கள். வலி தரும் அளவு அது. அதே அளவைப் பார்க்கப்போகும் ஒவ்வொரு வண்டியிலும் எடுங்கள். உங்கள் கால் நீளத்துக்கு, இந்தத் தூரம் ஒரு அங்குலம் கூடினால் முழங்கால் மடிப்பு தோராயமாக 4 டிகிரி விரியும். ஆகவே 5 செ.மீ. கூடினாலே நல்ல வித்தியாசம் தெரியும்; ஒரு செ.மீ. கூடினதை நம்பி வண்டி மாற்றாதீர்கள்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ஒரு போட்டோ போதும். யாராவது வண்டியை நேராகப் பிடிக்கட்டும். ரைடிங் ஷூ போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து, ஹேண்டில்பாரைப் பிடித்து இயல்பாக உட்காருங்கள். பத்து அடி தள்ளி, உங்கள் முழங்கால் உயரத்தில் போனை வைத்துப் பக்கவாட்டில் எடுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து எடுத்தால் கோணம் தப்பாகத் தெரியும். படத்தில் இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் கோடு போட்டு இணைத்து, கோணமானி வைத்துப் பாருங்கள். 90 டிகிரிக்கு மேல் என்றால் நாள் முழுக்க ஓட்டலாம். 80-லிருந்து 90 வரை என்றால் ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடந்தால் சமாளிக்கலாம். 75-க்குக் கீழே போனால் வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இனி வண்டிகள். கீழே வரும் சீட் உயரங்கள் நிறுவனம் அறிவித்தவை.

உங்கள் தேவைக்கு என் முதல் தேர்வு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. கம்பெனி சீட்டையே 825, 845 என்று இரண்டு உயரத்தில் வைக்கலாம். ஷோரூமில் பெரும்பாலும் 825-ல் வைத்திருப்பார்கள்; டெஸ்ட் ரைடுக்கு முன்னாலேயே 845-க்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், அதற்கு அதிக நேரம் ஆகாது. 845-ல் உட்கார்ந்து பார்க்காமல் இந்த வண்டியைப் பற்றி முடிவு செய்யக் கூடாது. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றால் டேங்கின் இடுக்கில் முழங்கால் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். 17 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 28 கி.மீ. கிடைத்தாலே பெங்களூரு போய் வர ஒரு டேங்க் போதும். எடை 196 கிலோ என்பது உங்கள் உடம்புக்குப் பாரம் இல்லை.

பட்ஜெட் இடம் தராவிட்டால் சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ். சீட் 835 மி.மீ., எடை 167 கிலோ, 250 சிசி. காட்பாடி ரயில்வே மேம்பாலத்து நெரிசலிலும் கை ஓயாது. டேங்க் 12 லிட்டர்தான், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் (825 மி.மீ.) கால் வைக்க இடம் தாராளம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் ஜவ்வாதுமலைப் பாதைக்கு அருமையான வண்டி. ஆனால் 19 குதிரைத்திறன் சுமார்தான். 92 கிலோ ஆளும் இரண்டு பையும் ஏறி, எதிர்க்காற்றில் நான்குவழிச் சாலையில் லாரியை முந்த வேண்டும் என்றால் இன்ஜின் திணறும். மாதத்தில் பாதி மலைப்பாதை என்றால் எடுங்கள். எப்போதும் ஹைவே என்றால் வேண்டாம்.

பஜாஜ் டோமினார் 400 இதற்கு நேர் எதிர். ஹைவேயில் 40 குதிரைத்திறன் சுகம். ஆனால் சீட் 800, ஃபுட்ரெஸ்ட் கொஞ்சம் பின்னால். உங்கள் கால் மடிந்துதான் இருக்கும். சீட்டில் ஒரு அங்குலம் ஏற்றினால் ஓட்டக்கூடிய வண்டியாகிவிடும். கிளாசிக் 350 (805), ஹோண்டா சிபி350 (800) இரண்டும் அமைதியான வண்டிகள்தான். ஆனால் உங்கள் அளவு ஆளுக்கு முழங்கால் டேங்கைத் தாண்டி நிற்கும். கிளாசிக்கில் இன்னொரு சிக்கல்: ரைடர் சீட்டின் பின்விளிம்பு இடுப்பை ஒரே இடத்தில் நிறுத்திவிடும், பின்னால் நகர்ந்து உட்கார வழியில்லை.

க்ரூயிசர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயரமானவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். மீட்டியோர் 350-இன் சீட் 765, சூப்பர் மீட்டியோர் 650-இன் சீட் 740. ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருப்பதால் முழங்கால் நன்றாக விரியும்; ஷோரூமில் உட்கார்ந்ததும் "இதுதான்" என்று தோன்றும். ஆனால் சீட் தாழ்வு, கால் முன்னால் என்றால் தொடை மேலே தூக்கி, இடுப்பு மடங்கி, முதுகு கூன் போடும். உடம்பின் எடை முழுவதும் வால் எலும்பில் இறங்கும். மேம்பால இணைப்பில் தூக்கிப்போடும்போது பாதத்தை ஊன்றி எழும்ப முடியாது. அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். முழங்கால் வலி மட்டும் உள்ளவருக்கு க்ரூயிசர் சரி. நீங்கள் இடுப்பு வலியும் சொல்கிறீர்கள், ஆகவே வேண்டாம்.

டெஸ்ட் ரைடு என்று ஷோரூமைச் சுற்றி இரண்டு தெரு ஓட்டுவதில் எதுவும் தெரியாது. சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஏறி, ஹைவேயில் ரத்தினகிரி வரை போய்த் திரும்பக் கேளுங்கள். 80-ல் நிதானமாகப் போங்கள். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்சவரம்பும் அதுதான். திரும்பும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, ஹெல்மெட் ஆடுகிறதா. உயரமானவர்களுக்கு முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் கிளம்பும் சுழல்காற்று சரியாக ஹெல்மெட்டில் வந்து அடிக்கும். குட்டையானவருக்கு அதே கண்ணாடி நல்ல மறைப்பு. ஓடும்போது தலையை மூன்று அங்குலம் குனிந்து பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் கண்ணாடி உங்களுக்குக் குட்டை. கிளிப் போட்டு மாட்டும் சிறிய டிஃப்லெக்டர் போதும். இரண்டு, வலது முழங்காலுக்குக் கீழே சூடு. ரேடியேட்டர் உள்ள வண்டிகளில் சிக்னலில் நின்றால் ஃபேன் ஓடி, வெந்த காற்று காலில் படும். மே மாதத்து வேலூர் வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. முடிந்தால் பகல் 12 மணிக்கு டெஸ்ட் ரைடு எடுங்கள்.

வண்டி வாங்கிய பிறகு செய்யும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் சஸ்பென்ஷன், அடுத்து சீட், பிறகு ஹேண்டில்பார், லீவர், முன்கண்ணாடி. சீட்டை ஒரு அங்குலம் ஏற்றினால் ஹேண்டில்பார் உங்களுக்கு ஒரு அங்குலம் தாழ்ந்துவிடும். முதலில் ஹேண்டில்பாருக்குச் செலவு செய்துவிட்டுப் பிறகு சீட்டைத் தொட்டால், செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

சஸ்பென்ஷன். கம்பெனி செட்டிங் உங்களைவிட எடை குறைந்தவருக்கானது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, சக்கர அச்சிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளி வரை அளக்கவும். பிறகு பையோடு நீங்கள் ஏறி உட்கார்ந்து, அதே அளவை எடுக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சஸ்பென்ஷன் பயணத்தில் 30 சதவீத அளவில் இருக்க வேண்டும். ஹிமாலயன் 450-இல் பயணம் 200 மி.மீ., ஆகவே 60 மி.மீ. அளவுக்கு இறங்கலாம். 75, 80 என்று இறங்கினால் ப்ரீலோடை, அதாவது பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, கூட்டுங்கள். அதைக் கூட்டினதும் பின்பக்கம் எழும்பி ஹெட்லைட் வெளிச்சம் தாழ்ந்துவிடும். சுவருக்கு எதிரே நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு எங்கே விழுகிறது என்று முன்னும் பின்னும் கோடு போட்டுச் சரிசெய்துவிடுங்கள்.

சீட். கம்பெனி சீட்டை வெட்டவே வேண்டாம், கூடுதலாக ஒரு சீட் வாங்கி அதில் வேலை செய்யுங்கள். சீட் கடையில் சோபாவுக்குப் போடும் ஸ்பாஞ்சை வைத்தால் கையால் அழுத்தும்போது மெத்தென்று இருக்கும். ஆம்பூர் தாண்டுவதற்குள் அடிப்பலகையில் உட்கார்ந்திருப்பீர்கள். ஹை டென்சிட்டி பி.யு. ஃபோம் கேளுங்கள். ஒன்றரை அங்குலம் வைத்தால் உட்கார்ந்ததும் ஒரு அங்குலம் நிற்கும். உட்காரும் இடம் மட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கம் சரிந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கை நோக்கி வழுக்குவீர்கள். தொடை இறங்கும் முன் ஓரங்களை உருட்டிச் சீவச் சொல்லுங்கள். கூரான விளிம்பு தொடை நரம்பை அழுத்துவதால்தான் பல பேருக்குக் கால் மரத்துப்போகிறது. பசை ஒரு ராத்திரி காய்ந்த பிறகே கவர் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே கட்டி கட்டியாக நின்று, அந்த இடமே குத்தும். கவரில் உட்காரும் இடத்தில் தையல் வரக் கூடாது, மழைத்தண்ணீர் ஊசித்துளை வழியாகத்தான் இறங்கும். ஜெல் பேடு நம் ஊருக்கு ஒத்துவராது. வெயிலில் நிறுத்திய வண்டியில் அது சூட்டைப் பிடித்துவைத்து வெகுநேரம் விடாது.

ஹேண்டில்பார் ரைசர், அதாவது ஹேண்டிலை உயர்த்த அடியில் வைக்கும் துண்டு, 25 மி.மீ. வரை பெரும்பாலான வண்டிகளில் கேபிள் மாற்றாமல் போடலாம். போட்டதும் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுசாகத் திருப்புங்கள். ஏதாவது ஒரு பக்கம் இன்ஜின் வேகம் கூடினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டக் கூடாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் ஹேண்டிலை ஒடிக்கும்போது வண்டி தானாகப் பாயும். முன்பிரேக் ஹோஸும் கோடிக்குத் திருப்பும்போது விறைக்காமல் தளர்வாக இருக்க வேண்டும்.

கியர் லீவரை யாரும் கவனிப்பதில்லை. 11, 12-ம் நம்பர் பூட்டு லீவருக்கு அடியில் நுழையாமல் போய், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பித் திருப்பியே முழங்கால் வலிக்கும். லிங்க் ராடு (லீவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் கம்பி) உள்ள வண்டியில் இரண்டு முனை லாக் நட்டையும் தளர்த்தி, ராடைத் திருகினால் லீவர் ஏறும். இரண்டில் ஒரு நட் பெரும்பாலும் இடதுமரை, எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். தெரியாமல் பலம் போட்டால் மரை போய்விடும். பின்பிரேக் பெடலை ஏற்றி இறக்கினால் பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்றும் பாருங்கள். பூட்டு அளவு கிடைக்கவில்லை என்றால் ஆம்பூர் ஷூக் கடைகளில் தேடுங்கள். ஏற்றுமதி ஊர் என்பதால் 45, 46 என்ற ஐரோப்பிய அளவுகள் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்தும் பிராக்கெட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முழங்காலுக்கு ஒரு அங்குலம் கிடைக்கும், ஆனால் வளைவில் சாயும்போது அது முதலில் தரையைத் தொடும். கடினமான ஃபுட்ரெஸ்ட் தரையில் ஊன்றினால் சக்கரத்தின் பிடி விட்டுப்போகும்.

இவ்வளவும் செய்த பிறகு முதல் நீண்ட பயணத்தில் எங்கே வலிக்கிறது என்று பார்த்தால், அடுத்து எதைத் தொடுவது என்று தெரிந்துவிடும். வால் எலும்பு வலித்தால் சீட்டின் சரிவு அல்லது பின் சஸ்பென்ஷன். உட்காரும் எலும்பு இரண்டும் எரிந்தால் ஃபோம். தோள்பட்டைகளுக்கு நடுவே வலித்தால் ஹேண்டில்பார் தாழ்வு, அல்லது தூரம். மணிக்கட்டு வலித்தால் லீவர்களைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்புங்கள், முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வாணியம்பாடி வரை போய் வந்து பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மனைவியையும் ஏற்றிப் போவீர்கள் என்றால் சீட் கடைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். உங்கள் பக்கம் ஏற்றும் ஒரு அங்குலம் அவர் உட்காரும் இடத்தைப் பின்னால் தள்ளும். வண்டியில் இருவரும் உட்கார்ந்து, கவர் தைப்பதற்கு முன்னாலேயே சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வது நல்லது.