ராஜாவை அனுப்பினால் கஜானா நிறையுமா?

கேள்வி: ஏழை நாட்டில் மன்னராட்சியை ஒழித்தால், மிச்சமாகும் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பணத்துக்காக என்றால் ஏமாந்துபோவீர்கள். 1971-ல் 26-வது சட்டத்திருத்தம் நம் பழைய சமஸ்தான மன்னர்களுக்குத் தந்த மானியத்தை ஒழித்தபோது, மிச்சமானது ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய்க்கும் குறைவு. குடியரசுத் தலைவருக்கும் மாளிகை, கார், காவல் வேண்டுமே! பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் மாளிகைதானே பிறகு துணைநிலை ஆளுநரின் ராஜ் நிவாஸ் ஆனது.

விஷயம் அதிகாரத்தில் இருக்கிறது. நேபாளம் போன வரிசையைப் பாருங்கள். 2006 மே மாதம் நாடாளுமன்றம் முதலில் கைவைத்தது படையில். மன்னரின் தலைமைத் தளபதிப் பொறுப்பு போயிற்று. படையின் பெயரிலிருந்து 'ராயல்' உதிர்ந்தது. அவர் சொத்துக்கும் வரி வந்தது. கிரீடம் இறங்கியது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 2008 மே 28-ல், அரசியல் நிர்ணய சபையில் 560-க்கு 4 என்ற வாக்கில். அரண்மனையைக் காலிசெய்ய 15 நாள் கெடு. அந்த நாராயண்ஹிட்டி அரண்மனை இப்போது அருங்காட்சியகம். துப்பாக்கியை மன்னரிடம் விட்டுவைத்துத் தீர்மானம் போட்டிருந்தால், அது வெறும் காகிதம்.

சறுக்கியது எங்கே? நிரந்தர அரசியலமைப்பு கையில் இல்லை. முதல் அரசியல் நிர்ணய சபை 2012-ல் அதை எழுதி முடிக்காமலே கலைந்தது. அரசியலமைப்பு வந்தது 2015 செப்டம்பரில்தான்.

எல்லா ஏழை நாட்டுக்கும் ஒரே மருந்தும் இல்லை. ஆப்பிரிக்காவின் லெசோதோ மன்னருக்கு நிர்வாக அதிகாரம் கிடையாது. அவரை அனுப்பி ஆகப்போவது சொற்பம். அதே ஆப்பிரிக்காவில் உள்ள எஸ்வாட்டினியிலோ 1973-லேயே மன்னர் கட்சிகளைத் தடைசெய்தார். அங்கே கேட்க வேண்டியது செலவுக் கணக்கை அல்ல, வாக்குச்சீட்டை.