வட்டம் கட்டியும் வேகம் குறையவில்லையே!

கேள்வி: எங்கள் ஊர்ப் புறவழிச் சாலையில் புதிதாக ரவுண்டானா கட்டியிருக்கிறார்கள். பூச்செடி, உயர்கோபுர விளக்கு, ‘மெதுவாகச் செல்லவும்’ பலகை எல்லாம் உண்டு. ஆனாலும் பஸ்கள் பறக்கின்றன. வேகத்தடை கேட்டு மனு கொடுக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: மனு கொடுங்கள், வேகத்தடைக்கு வேண்டாம். அதில் குலுங்கி இறங்கிய டிரைவர் அடுத்த கணமே ஆக்சிலரேட்டரை மிதிப்பார். வெள்ளைக் கோடு அழிந்துபோனால் இரவில் விழுந்து எழுவது பைக்கில் வரும் உங்கள் ஊர்க்காரர்தான்.

சாலை வேலையிலேயே தலை நரைத்தவன் நான். பலகையைப் பார்த்து வேகம் குறைத்த டிரைவரைக் கண்டதில்லை; வளைவைக் கண்டால் தானாகக் குறைப்பார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் ரவுண்டானாவின் நுழைவு அகலமாக, வட்டத்தை உரசிக்கொண்டு ஏறக்குறைய நேராகப் போகிறது. ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டால் போதும், பஸ் மறுபக்கம் போய்விடும். வளைவின் ஆரம் நான்கு மடங்கானால் அதே சொகுசோடு இரு மடங்கு வேகத்தில் திரும்பலாம்: 25 மீட்டர் ஆரத்தில் 25 கி.மீ. வேகத்தில் போகிறவர் 100 மீட்டரில் 50-ஐத் தொடுவார். நடுவட்டத்தில் யார் பெயரை வைப்பது என்று சண்டை போட்ட நேரத்தில் நுழைவை அளந்திருக்கலாம்.

செய்ய வேண்டியது, நுழைவைக் குறுக்கி, வருகிற பாதைக்கும் போகிற பாதைக்கும் நடுவே ஒரு திட்டு கட்டி, வண்டி இடப்பக்கம் ஒடித்தே உள்ளே வரும்படி வளைப்பது. வெளியேறும் வளைவு தாராளமாக இருக்கட்டும். சாலையைக் கடக்கிறவர்களும் அந்தத் திட்டில் நின்று, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் பார்த்துக் கடக்கலாம்.

அறுவடை இயந்திரத்தை ஏற்றி வரும் லாரி எப்படித் திரும்பும் என்பீர்கள். நடுவட்டத்தைச் சுற்றிச் சற்றே உயர்ந்த கல்பட்டை பதித்தால் லாரியின் பின்சக்கரம் அதில் ஏறி இறங்கிவிடும். கார்க்காரர் குலுங்கலுக்குப் பயந்து ஒதுங்கியே போவார்.

எவ்வளவு குறுக்கலாம் என்று தெரிய வேண்டுமா? தை, மாசியில் சம்பா அறுவடை சமயம் போய்ப் பாருங்கள். வைக்கோல் டிராக்டர்கள் உதிர்த்த சருகும் பதரும் சக்கரம் படாத இடத்தில் ஒதுங்கிக் கிடக்கும். அவ்வளவு தாரும் அங்கே வேண்டாத தார். அதைப் படமெடுத்து, மனுவோடு இணைத்து உதவிக் கோட்டப் பொறியாளரிடம் கொடுங்கள். ‘வேகத்தடை’ என்ற சொல்லே மனுவில் வேண்டாம். அதைக் கண்டால் மறுநாளே ஒரு மேட்டைப் போட்டுவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.