கோப்புக்குக் கட்டம் தெரியாது

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுத்தவர். பெறுபேறு வரும்வரை அப்பாவின் மீன் வாடியில் கணக்குப் பார்க்கிறார். நான்கு வள்ளங்கள், ஆறு வகை மீன். அப்பா கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதிவந்ததைப் பைதன் செய்நிரலாக மாற்றியிருக்கிறார். இப்போது முதலாம் வள்ளத்துக்கு எடை போட்டால் நான்கு வள்ளங்களுக்கும் அதே எடை விழுகிறது. மின்தடை வந்த ஒரு நாள் மாலையில் மூன்று நாள் கணக்கு மொத்தமாகக் காணாமற்போய்விட்டது. வாடியில் உள்ள கணினியில் கோப்பை எக்செலில் திறந்தால் மீன்களின் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. "பாடசாலை ஆய்வுகூடத்தில் தமிழ் ஒழுங்காகத்தான் தெரிந்தது. நான் நம்பை நூலகத்தைப் படிக்கவேண்டுமா, அல்லது பைதனை விட்டுவிட்டு எக்செலுக்கே போய்விடட்டுமா?" என்பது அவர் கேள்வி.

தம்பி, இரண்டும் வேண்டாம். நான்கு நிரை, ஆறு நிரல், மொத்தம் இருபத்து நான்கு எண்கள். இதற்கு, பெரிய எண் அட்டவணைகளுக்கான நம்பையைக் கூப்பிடுவது ஒரு கூடை சூடைக்காகக் குளிரூட்டி லொறியை வாடகைக்கு எடுப்பது போன்றது. எக்செல் கெட்ட மென்பொருள் அல்ல. ஆனால் உங்கள் மூன்று பிழைகளில் ஒன்று நீங்கள் எங்கே போனாலும் கூடவே வரும்.

உங்கள் மனதில் இருப்பது அப்பாவின் கொப்பி. அங்கே கட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. எடை எந்தக் கட்டத்தில் விழவேண்டுமோ அந்தக் கட்டத்தில் விழுகிறது. பைதனில் அப்படி ஒரு கட்டம் இல்லை. நினைவகத்தில் இருப்பது பட்டியல்களைக் கொண்ட ஒரு பட்டியல். கோப்பில் அதுவும் இல்லை: ஒன்றன்பின் ஒன்றாக பைட்டுகள், இடையிடையே காற்புள்ளியும் வரிமுடிவும், அவ்வளவுதான். நிரை நிரலாக எண்களை அடுக்கிய கட்டத்தை எங்கள் பாடநூல் தாயம் என்கிறது, தமிழ்நாட்டுப் பாடநூல் அணி என்கிறது. கோப்பு இரண்டையும் அறியாது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கட்டத்தை நீங்கள்தான் கட்டவேண்டும், நீங்கள்தான் கலைக்கவேண்டும். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: இங்கே நிரல் என்றால் மேலிருந்து கீழாக வரும் பத்தி மட்டும், கணினிக்கு எழுதுவது செய்நிரல்.)

முதலில் நான்கு வள்ளத்துக்கும் ஒரே எடை விழும் கதை. உங்கள் செய்நிரலில் வெற்றுத் தாயத்தை இப்படி உருவாக்கியிருக்கிறீர்கள்:

[[0]*6]*4

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரி நான்கு நிரைகளை உருவாக்கவில்லை. ஆறு பூச்சியங்கள் கொண்ட ஒரேயொரு நிரையை உருவாக்கி, அதையே நான்கு இடங்களில் சுட்டிக்காட்டுகிறது. கரையில் நிற்பது ஒரே வள்ளம். அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்களைப் பெயின்ரால் எழுதிவைத்திருக்கிறீர்கள். எந்த இலக்கத்தைச் சொல்லி மீனை ஏற்றினாலும் அந்த ஒரு வள்ளத்தில்தான் ஏறும். முதல் நிரையின் முதல் இடத்தில் 12 போட்டுவிட்டு அச்சிட்டுப் பாருங்கள்:

[12, 0, 0, 0, 0, 0]
[12, 0, 0, 0, 0, 0]
[12, 0, 0, 0, 0, 0]
[12, 0, 0, 0, 0, 0]

இன்னும் சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு நிரையையும் 'ஐடி' சார்புக்குக் கொடுங்கள். நான்குக்கும் ஒரே எண் வரும்.

அப்படியானால் உள்ளே இருக்கும் [0]*6 ஏன் தொல்லை தரவில்லை என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். எண் என்பது மாறாத பொருள். ஓர் இடத்தில் 12 போடும்போது பூச்சியம் 12 ஆக மாறுவதில்லை. அந்த இடம் பூச்சியத்தைக் கைவிட்டு 12 ஐச் சுட்டத் தொடங்குகிறது. பட்டியலோ உள்ளுக்குள்ளேயே மாறக்கூடியது. எனவே வெளிப் பெருக்கலை விட்டுவிட்டு, ஒரு 'ஃபோர்' சுற்றுக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாக [0]*6 ஒன்றை உருவாக்கிச் சேருங்கள். நான்கு தடவை சுற்றினால் நான்கு தனி நிரைகள். இதே பொறி வேறோர் இடத்திலும் இருக்கிறது: நேற்றைய தாயத்தை 'இன்று' என்ற மாறிக்குச் சமப்படுத்தினால் பிரதி கிடைக்காது, இரண்டாவது பெயர்தான் கிடைக்கும். பிரதி வேண்டுமானால் 'டீப்கொப்பி' என்று வெளிப்படையாகக் கேட்கவேண்டும்.

பட்டியலில் இடத்தைக் குறிக்கும் சுட்டெண் பூச்சியத்தில் தொடங்குவதை மறக்கவேண்டாம். கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு. பைதனிடம் 7 என்று கேட்டால் அப்படி ஒரு கிணறு இல்லை என்று பிழை காட்டும், கடைசிக் கிணறு 6.

இனி, காணாமற்போன மூன்று நாள். கோப்பை 'டபிள்யூ' முறையில் திறக்கிறீர்கள். அந்த முறையின் குணம் பலருக்குத் தெரிவதில்லை: எழுதும்போது அல்ல, திறந்த கணத்திலேயே பழைய உள்ளடக்கம் முழுவதும் அழிகிறது. உங்கள் செய்நிரல் மாலையில் தொடங்கியவுடன் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, நீங்கள் எடைகளைத் தட்டச்சுச் செய்து முடிக்கும்வரை காத்திருக்கிறது. அந்தப் பத்து நிமிடமும் கோப்பு வெறுமையாகக் கிடக்கிறது. அதற்குள் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஒரு காலத்தில் நானும் ஒரு தனியார் வகுப்பின் தவணைப் புள்ளிகளை இதே வழியில் காற்றில் விட்டிருக்கிறேன். புள்ளி கேட்டு வந்த பெற்றோருக்கு 'டபிள்யூ' முறையை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

இதற்கு மருந்து, கோப்பின் வடிவத்தையே மாற்றுவது. நீங்கள் நாளுக்கு ஒரு தாயத்தை அப்படியே கோப்பில் கொட்டுகிறீர்கள். ஒருநாள் வலையில் புதிய வகை மீன் வந்தால் ஏழாவது நிரல் முளைக்கும். பழைய வரிகளில் அது இருக்காது. அன்று தொடங்கும் குழப்பம் பிறகு தீராது. கட்டத்தைச் சேமிக்காதீர்கள், நிகழ்ந்ததைச் சேமியுங்கள். ஒரு வரிக்கு ஒரு நிறுவை:

2025-06-14,வள்ளம் 2,பாரை,15000
2025-06-14,வள்ளம் 2,சூடை,42000

திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால் வரிகளை எழுத்து வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசை கிடைத்துவிடும். எடை கிராமில் இருப்பதற்கும் காரணம் உண்டு. பைதனிடம் 0.1+0.2 எவ்வளவு என்று கேளுங்கள், 0.30000000000000004 என்று சொல்லும். தசம எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்திருப்பதால் வரும் விளைவு அது. எடையைக் கிராமிலும் பணத்தைச் சதத்திலும் முழுவெண்ணாக வைத்துக்கொண்டு, அச்சிடும்போது மட்டும் கிலோவாகவும் ரூபாவாகவும் மாற்றினால் சம்மாட்டியோடு சதக்கணக்குச் சண்டை வராது.

இப்படி எழுதினால் 'ஏ' முறை, அதாவது கடைசியில் சேர்க்கும் முறை, போதும். அது பழைய வரிகளைத் தொடுவதில்லை. ஒவ்வொரு நிறுவைக்கும் 'வித்' கூற்றின் உள்ளே திறந்து, ஒரு வரி எழுதி, மூடிவிடுங்கள். நான்கு வள்ளம், ஆறு மீன், 365 நாள் என்று எல்லாம் நிரம்பினாலும் ஆண்டுக்கு 8,760 வரிகள்தான். ஒரு மெகாபைட்டைக்கூடத் தொடாது. பிழையான வரியைத் திருத்த முழுக் கோப்பையும் மறுபடி எழுதவேண்டி வந்தால், அதே கோப்புறையில் வேறு பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை முழுமையாக எழுதி மூடிய பிறகு, 'ஓஎஸ்' தொகுதியின் 'ரீப்ளேஸ்' சார்பால் பழைய பெயரைக் கொடுங்கள். இடையில் செய்நிரல் நின்றுபோனாலும் பழைய கோப்பு அப்படியே இருக்கும். மின்தடைக்கு அஞ்சுகிறவர்கள் மூடுவதற்கு முன் 'ஃபிளஷ்', 'எஃப்சிங்க்' இரண்டையும் அழைப்பது நல்லது. இல்லாவிட்டால் எழுதியது சற்றுநேரம் வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே நிற்கலாம்.

படிக்கும்போது வரும் சிக்கல்தான் எனக்குப் பிடித்தது. கோப்பிலிருந்து வருவது எல்லாம் சரம், அதாவது வெறும் எழுத்துகளின் தொடர். '12' ஐயும் '8' ஐயும் கூட்டினால் '128' வரும். செய்நிரல் பிழை காட்டாது, சிரித்துக்கொண்டே தப்பாகச் சொல்லும். வரிசைப்படுத்தினால் '9' ஆனது '12' க்குப் பின்னால் போய் நிற்கும். ஒவ்வோர் எண்ணையும் 'இன்ட்' கொண்டு முழுவெண்ணாக்குங்கள். வெற்றுச் சரத்தை முழுவெண்ணாக்கச் சொன்னால் 'வேல்யூ எரர்' வரும். அதைத் தவிர்க்க, வெற்றிடம் எல்லாவற்றையும் பூச்சியமாக்கும் வரி ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஏனென்றால் அப்பாவின் கொப்பி உங்கள் செய்நிரலைவிட இந்த விடயத்தில் கெட்டி. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் சில கட்டங்களில் பூச்சியம் இருக்கிறது, சிலவற்றில் சிறு கோடு இருக்கிறது. வள்ளம் போய் வெறுங்கையோடு வந்தால் பூச்சியம். போகவே இல்லை என்றால் கோடு. வடகீழ்ப் பருவக்காற்றில், நவம்பர் தொடங்கி, திருகோணமலைக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் பக்கம் முழுக்கக் கோடுகளாகத்தான் இருக்கும். இரண்டையும் பூச்சியமாக்கி மாதச் சராசரி பார்த்தால், பத்து நாள் மட்டும் போய் நன்றாகப் பிடித்த வள்ளம் சோம்பேறி வள்ளமாகத் தெரியும். தாயத்தை வாசித்துக் கட்டும்போது ஒவ்வோர் இடத்திலும் 0 அல்ல, 'நன்' (None) வைத்துத் தொடங்குங்கள். பைதனில் 'ஒன்றும் இல்லை' என்பதற்கு உள்ள மதிப்பு அதுதான். அன்றைக்கு ஒரு வள்ளத்துக்கு ஒரு வரியாவது இருந்தால் அதன் மற்ற மீன்கள் பூச்சியம். ஒரு வரியும் இல்லையென்றால் 'நன்' அப்படியே நிற்கட்டும், சராசரியில் அந்த நாளைச் சேர்க்கவேண்டாம். மீனே படாமல் திரும்பிய வள்ளத்துக்கு எடை 0 என்று ஒரு வரி எழுதிவைக்க மறந்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

விலையோடு பெருக்குவதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சிறிதாக்கிக் காட்டுகிறேன். அறக்குளா, பாரை, சூடை மூன்றும் கிலோவில். விலைகள் 2400, 1600, 500 ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

வள்ளம் 1: 12, 8, 30
வள்ளம் 2: 0, 15, 42
வள்ளம் 3: 7, 0, 55

ஒவ்வொரு நிரையையும் விலை நிரலோடு பெருக்கிக் கூட்டினால் 56,600, 45,000, 44,300. மொத்தம் 1,45,900 ரூபா. இப்போது மறுபக்கமாக வாருங்கள். நிரல் கூட்டுத்தொகைகள் 19, 23, 127 கிலோ. விலையோடு பெருக்கினால் 45,600, 36,800, 63,500. அதன் மொத்தமும் 1,45,900. பழைய கணக்குப்பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் கூட்டிச் சரிபார்ப்பது இதைத்தான். செய்நிரலிலும் இரண்டு வழியாகவும் கூட்டி, ஒத்துவராவிட்டால் சத்தமாகக் கத்தும்படி ஒரு வரி எழுதிவையுங்கள். நிரைகளை நிரல்களாக்கப் பைதனின் 'ஸிப்' சார்புக்கு முன்னால் ஓர் உடுக்குறியோடு தாயத்தைக் கொடுத்தால் போதும்.

தமிழ் எழுத்துகளுக்கு வருவோம். எக்செலில் தெரியும் குப்பையை உற்றுப் பார்த்தீர்களா? மேலே சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒன்று. இதுவே திரும்பத் திரும்ப வரும். அது குப்பை அல்ல, சாட்சி. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். அவற்றுள் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. எக்செல் அவற்றை மேலைநாட்டு எழுத்துகளாகத் தனித்தனியே வாசிக்கிறது. தரவு கெடவில்லை. எழுதும்போது குறிமுறையை 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் விழும், எக்செல் அதைக் கண்டு புரிந்துகொள்ளும். படிக்கும்போதும் அதே பெயரைக் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் திகதியோடு அந்த அடையாளம் ஒட்டிக்கொண்டு வரும். குறிமுறையைச் சொல்லாமல் திறந்தால் விண்டோஸில் பைதன் வழக்கமாகக் கணினியின் பழைய குறிமுறையையே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் யுடிஎஃப்-8 தான் இயல்பு. உங்கள் ஆய்வுகூடத்தில் லினக்ஸ் இருந்திருக்கவேண்டும். விண்டோஸில் எழுதும்போது வரிமுடிவுக்கான அளவுருவை வெற்றுச் சரமாகக் கொடுத்து, காற்புள்ளிக் கோப்புகளுக்கான சிஎஸ்வி தொகுதியைக் கொண்டு எழுதினால் ஒரு வரி விட்டு ஒரு வரி வெறுமையாக வருவதும் நிற்கும்.

அப்பாவின் பழைய விலைப்பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அந்தக் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே, தமிழ் வேடம் போட்டிருக்கின்றன. முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள்.

பெயர்களில் இன்னும் ஒரு வலை இருக்கிறது. 'அறக்குளா' என்பதில் நமக்கு ஐந்து எழுத்து, பைதனின் 'லென்' சார்புக்கு எட்டு. எனவே நீளத்தை வைத்து இடைவெளி விட்டு அட்டவணை அச்சிட்டால் கோணலாகத்தான் வரும். 'கொடுவா' என்பதின் முதலெழுத்தையோ இரண்டு விதமாக உள்ளே எழுதலாம்: கொம்பையும் அரவையும் ஒரே குறியாக, அல்லது தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு மீன். யுனிகோட் ஒழுங்காக்கலில் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றி, ஓரத்து இடைவெளிகளையும் 'ஸ்ட்ரிப்' செய்த பிறகே பெயரை ஒப்பிடுங்கள். அதைவிட எளிது, மீன் பெயர்களைத் தட்டச்சுச் செய்யாமல் ஒரு பட்டியலில் இருந்து இலக்கம் தெரிவுசெய்ய விடுவது. மீன் செதில் ஒட்டிய கையோடு வாடியில் யார் ஒற்றுப் பார்த்துத் தட்டச்சுச் செய்வார்?

அழிந்த மூன்று நாளை எந்தச் செய்நிரலாலும் மீட்கமுடியாது. கொப்பியில் இருக்கிறது. அப்பாவை வள்ளம் வள்ளமாக வாசிக்கச் சொல்லி நீங்கள் பதியுங்கள். பிறகு மீன் வகைப்படி கூட்டி, பக்கத்தின் அடியில் அவர் பென்சிலால் எழுதியிருக்கும் கூட்டுத்தொகையோடு பாருங்கள். கோடு போட்ட கட்டம் வரும்போது அவர் சற்று நிறுத்துவார்; அங்கே ஒன்றும் பதியவேண்டாம்.