பட்டறைத் திண்ணை: வண்டிக்கு ரெண்டு கால் எக்ஸ்ட்ரா

கேள்வி: ஏனுங்கண்ணா, எனக்கு 61 வயசு, கோபி பக்கம் தோட்டம். போன வருசம் வலது முட்டி மாத்திக்கிட்டேனுங்க. செகண்ட் ஹேண்டுல வாங்குன ஹார்லி ஸ்ட்ரீட் கிளைடு ஒண்ணு வீட்ல நிக்குது. ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்ல, சிக்னல்ல நிக்கறப்பத்தான் வயித்தக் கலக்குது. அமெரிக்காவுல இருக்கற பொண்ணு, வண்டி நிக்கறப்ப ரெண்டு பக்கமும் இறங்குற கால் கிட் ஒண்ணு அனுப்பறேங்கறா. மாட்டலாமுங்களா? நம்மூர்ப் பட்டறைல ஆகுமா? - வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மாட்டலாமுங்க. ஆனா அது எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு மாட்டுங்க. அந்தக் கால் நிக்கறதுக்குத்தான், ஓட்டறதுக்கு இல்ல. இத மறந்துட்டு மாட்டுனவங்க தான் பின்னால வந்து "கிட் சரியில்லீங்க"ங்கறாங்க.

முட்டி ஏன் பயப்படுதுன்னு ஒரு கணக்குப் போட்ருவோம். உங்க வண்டி எடை 370 கிலோ பக்கம், நீங்களும் ஏறி உக்காந்தா 450ன்னு வச்சுக்குங்க. மொத்த வெயிட்டோட நடுப்புள்ளி தரைல இருந்து 55 சென்டிமீட்டர் உசரத்துல, உங்க கால் ஊனுற எடம் வண்டி நடுவுல இருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி. வண்டி 5 டிகிரி சாஞ்சா அந்தக் கால் தாங்க வேண்டியது சுமாரா 54 கிலோ, அதாவது ஒரு மூட்டை சிமெண்ட். 10 டிகிரின்னா ரெண்டு மூட்டை. 15 டிகிரிக்கு மூணு மூட்டை தாண்டிரும், இருவது வயசுப் பையனே விட்ருவான், மாத்துன முட்டி என்ன பண்ணும் பாவம். அந்த மொத மூட்டைலயே வண்டிய நிறுத்திப் புடிக்கறது தான் கிட்டோட வேல, அதுக்கு மேல அதுகிட்ட எதுவும் எதிர்பாக்காதீங்க.

அமைப்பு ரொம்ப எளிசு. ரெண்டு பக்கமும் மடங்குற கை, நுனில சின்ன வீல், இறக்கி ஏத்த மோட்டாரோ ஆக்சுவேட்டரோ (கரண்ட்ல நீண்டு மடங்குற தண்டு), கைப்புடில ஒரு சுவிட்ச், வேகத்தப் பாத்துக்கிட்டே இருக்கற ஒரு கண்ட்ரோல் பெட்டி. நடக்கற வேகத்துக்கு வந்த பொறவு தான் கால் இறங்கணும், வேகம் புடிச்சா தானா மடங்கிரணும். அறுபதுல போறப்ப தெரியாம சுவிட்ச் மேல கை பட்டாலும் இறங்கக் கூடாது. இந்த ஸ்பீடு லாக் இல்லாத கிட்டை ஓசில குடுத்தாலும் வாங்காதீங்க.

இப்ப மாட்டற வேலைக்கு வருவோம். மொதல்ல உங்க வண்டி எந்த வருசம்னு பாருங்க. இந்த கிட் மாடலுக்கு மாடல் பிராக்கெட் மாறும், ஒரு வருசத்து பிராக்கெட் இன்னொரு வருசத்து ஃபிரேம்ல உக்காராது. பொண்ணுகிட்ட சேஸிஸ் நம்பரக் குடுத்து வாங்கச் சொல்லுங்க. வந்தா பெட்டியப் பிரிச்சு எல்லாத்தயும் ஒரு சாக்கு விரிச்சு பரப்பி, புக்குல இருக்கற படத்தோட போல்ட்டு போல்ட்டா சரி பாருங்க. பாதி வேல முடிஞ்சு ஒரு புஷ் இல்லைன்னு தெரிஞ்சா அமெரிக்காவுல இருந்து வர்ற வரைக்கும் வண்டி பட்டறைல அம்மணமா நிக்கும்.

பிராக்கெட் ஃபிரேம்ல கம்பெனி குடுத்த ஓட்டைலதான் ஏறணும். ஃபிரேம்ல துளை போடறது, வெல்டிங் வெக்கறது ரெண்டும் ஆகாதுங்க. வெல்டு புடிச்ச எடத்துக்குப் பக்கத்துல இரும்போட குணம் மாறிப்போகும், அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ஆறு மாசம் நம்ம ரோட்டுல குலுங்குன பொறவு மயிர்க்கோடு மாதிரி விரிசல் காட்டும். போல்ட்டு கிட்டோட வந்ததே போடுங்க, தொலஞ்சு போச்சுன்னா அதே அளவு, அதே பலமுள்ள போல்ட்டாப் பாத்து வாங்குங்க, புக்குல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சு (முடுக்கற பலத்த அளந்து காட்டற ஸ்பேனர்) வச்சு முடுக்கணும். டார்க் ரெஞ்சு இல்லாத பட்டறைன்னா டீய மட்டும் குடிச்சுட்டு கெளம்பிருங்க.

அடுத்தது சைடு வீலோட உசரம், எல்லாரும் கோட்ட விடற எடம் இதுதான். வண்டிய ஜாக்கில தூக்கி வச்சு உசரம் செட் பண்றாங்க, கீழ எறக்கி ஆள் உக்காந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கி சைடு வீலு ரெண்டும் மொத்த வெயிட்டயும் வாங்கிக்குது, பின் டயர் தூக்கலாயிருது. பின் டயர்ல வெயிட் இல்லைன்னா பிக்கப்பும் இல்ல பிரேக்கும் இல்ல. அதனால மட்டமான சிமெண்டுத் தரைல நிறுத்தி, டயர்ல காத்து சரியா அடிச்சு, நீங்களும் ஏறி, வீட்டுக்காரம்மாவயும் ஏத்தி, பெட்டில வழக்கமா வெக்கற சாமானையும் வச்சுட்டு தான் சைடு வீலுக்கும் தரைக்கும் இடைவெளி பாக்கணும். எத்தன மில்லின்னு புக்குல இருக்கும், அத விட இறுக்கமா வச்சா ஆடாம நிக்கும்னு நெனைக்காதீங்க. ஒரு பக்கம் லேசா சாஞ்சு நிக்கும், அப்படித்தான் நிக்கணும்.

மடிச்ச நெலைலயும் ஒரு சோதனை இருக்குது. டயர் ஓரத்துல இருந்து ஃபுட்போர்டு வெளி ஓரம் வரைக்கும் ஒரு நூல் இழுத்துப் புடிங்க. மடிச்ச வீலும் கையும் அந்த நூலுக்கு மேல தான் இருக்கணும், கீழ தொங்குச்சுன்னா வளைவுல ஃபுட்போர்டு ஒரசறதுக்கு முன்னால இந்த இரும்பு ரோட்டுல ஊனி வண்டியவே தூக்கிரும். இந்த நூல் சோதனை கோயமுத்தூர்ல ஒரு பெரிய மேஸ்திரி எனக்குக் காட்டுனது, லேசர் கீசர் எதுவும் வேண்டியதில்ல.

எலக்ட்ரிக்கல். மெயின் ஃபியூஸையும் பேட்டரி நெகட்டிவையும் கழட்டிட்டு தான் கையே வெக்கணும். மோட்டாருக்கு 20 ஆம்பியர் வேணும்னா 12 வோல்ட்டுல அது 240 வாட், ஹெட்லைட்டுக்குப் போற ஒயர்ல தட்டி எடுத்தா ஒயர் உருகிரும். பேட்டரில இருந்து தனி லைன், பாசிட்டிவ்ல இருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள்ள தனி ஃபியூஸ், நடுவுல ரிலே (பெரிய கரண்ட்ட தாங்கி தானா ஆன் ஆஃப் ஆகற சுவிட்ச்). 2014க்குப் பொறவு வந்த ஹார்லி டூரிங் வண்டிகள்ல (ஸ்ட்ரீட் கிளைடும் அதுல சேத்தி) கேன் பஸ் ஒயரிங், அதாவது வண்டில இருக்கற கம்ப்யூட்டர் பெட்டியெல்லாம் ஒரே ஜோடி ஒயர்ல பேசிக்கும், அதுல கண்டபடி ஒயர வெட்டி முறுக்குனா டேஷ்போர்டு கார்த்திகை தீபமாயிரும். ஸ்பீடு சிக்னலுக்கு கிட்டோட வர்ற சென்சாரோ கனெக்டரோ தான், ஏபிஎஸ் ஒயர் பக்கமே போகாதீங்க. சைலன்ஸர் ரெண்டு பக்கமும் தாழ்வா ஓடுது, ஒயர அதுக்கு ஒரு கை அகலமாவது தள்ளிக் கட்டி மேல சூடு தாங்குற உறை போடச் சொல்லுங்க. பேட்டரி வயசும் பாத்துக்குங்க, அவிநாசி ரோட்டு சிக்னல் ஒண்ணொண்ணுலயும் ஏறி எறங்குனா ஐடில்ல சார்ஜ் போதாது, வீக் பேட்டரின்னா கால் பாதில நின்னுரும். பாதில நின்னா கையால மடிச்சு விடறதுக்கு வழி என்னன்னு மொத நாளே கத்துக்குங்க.

கடைசியா ஆர்டிஓ. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.ல இருக்கற விவரம் மாறுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாது, மீறுனா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். ஆனா உடல் குறைபாடு இருக்கறவங்க தங்களுக்கேத்த மாதிரி வண்டிய மாத்திக்க அதே பிரிவுல வழி இருக்குது, பதிவு அதிகாரியோட ஒப்புதல் வாங்கணும். உங்க எலும்பு டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக்கிட்டு, கிட்டுக்கு பணம் கட்டறதுக்கு முன்னாலயே ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு எட்டு கேட்ருங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல சொல்லிருங்க, வாயில சொன்னது க்ளெய்ம் அன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கேள்வி: திருப்பூர்ல என்ற மாமன் லேத்து வெச்சிருக்காரு. ஹிமாலயனுக்கு பின்னால ரெண்டு பக்கமும் சைடு வீல் வெல்டு பண்ணி 8,000 ரூபாய்ல முடிச்சுத் தர்றேங்கறாரு. கவர்மெண்டுல குடுக்கற இணைப்புச் சக்கர ஸ்கூட்டரு ஓடலையா, அதே தானேங்கறாரு. சரிதானுங்களா? - வாசகர், திருப்பூர்

பதில்: இல்ல தம்பி, அதே இல்ல. மாமன்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, ஆனா வண்டியவும் குடுக்காதீங்க. இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் எப்பவுமே நாலு வீல்ல ஓடற வண்டி, அது சாயவே சாயாது, ஓட்டறவரும் ஆட்டோ ஓட்டற மாதிரி ஹேண்டில திருப்பித் தான் வளையறாரு, வேகமும் அதுக்கேத்த மாதிரி வச்சுக்கறாரு. உங்க பைக்கு சாஞ்சு வளையற வண்டி. அதுல அசையாத சைடு வீல வச்சுட்டு 50ல ஒரு வளைவு எடுத்தீங்கன்னா உள்பக்கம் சாய முடியாம வெளிப்பக்கம் தூக்கி அடிக்கும்.

இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. தொழிலுக்கு வந்த புதுசுல, இருவத்தஞ்சு வருசம் இருக்கும், போலியோவுல கால் சூம்புன ஒரு சினேகிதனோட பைக்குக்கு நானே ஆங்கிள் வெட்டி, ஸ்கூட்டர் வீல் ரெண்டு வச்சு, பெயிண்ட் எல்லாம் அடிச்சு சும்மா ஜம்முன்னு நிறுத்துனேன். பட்டறை வாசல்ல சாக்கடைக்கு மேல ஒரு சிலாப்பு, நடுவுல கொஞ்சம் குழி உழுந்திருக்கும். வெளிய எடுத்தான், சைடு வீல் ரெண்டும் குழியோட ரெண்டு ஓரத்துல ஏறி உக்காந்துக்குச்சு, பின் டயரு நடுவுல அந்தரத்துல தொங்குது. அவன் ஆக்சிலேட்டர முறுக்கறான், டயரு சுத்துது, வண்டி ஒரு இஞ்சு நகரல, எதுத்த டீக்கடைல உக்காந்திருந்தவங்க எல்லாம் டம்ளர வச்சுட்டு சிரிக்கறாங்க. அன்னைக்கு குழி வாசல்லயே இருந்ததால சிரிப்போட போச்சு. அதே குழி எறக்கத்துல பிரேக் புடிக்கற எடத்துல இருந்திருந்தா? அன்னைக்குப் பொழுதோட கழட்டிப் போட்டேன், அந்த ஆங்கிள் இன்னமும் பட்டறை மூலைல கெடக்குது.

மாமன்கிட்ட வேல வாங்கணும்னா சீட்டக் கொறைக்கச் சொல்லுங்க. ஹிமாலயன் 450க்கு சீட்டு உசரம் 825 மில்லி, கம்பெனிலயே 805க்கு தாழ்வான சீட்டும் வருது. ரெண்டு பாதமும் தரைல அழுந்தி ஊனுச்சுன்னா பாதிப் பேத்துக்கு இந்தக் கால் கிட்டே தேவப்படாது.

கேள்வி: எங்க ஊட்டுக்காரரு பைக்குக்கு கால் கிட் மாட்டியாச்சுங்க. ஆனா நான் பின்னால ஏறும்போது அவரு காலும் ஊனறாரு, கிட்டயும் இறக்கறாரு, ரெண்டுக்கும் நடுவுல வண்டி ஆடுது. எப்படி ஏறோணும்? - வாசகி, உடுமலை

பதில்: பின்னால ஆள் ஏறும்போது வண்டி உழுகறது சகஜந்தானுங்க அக்கா. நீங்க மிதிக்கறப்ப உங்க மொத்த வெயிட்டும் ஒரு பக்கத்து ஃபுட்ரெஸ்ட்ல தான உக்காருது. மொதல்ல அவரு உக்காந்து, கிட்டோட கால் ரெண்டும் முழுசா இறங்கி அதோட லைட்டு எரிஞ்ச பொறவு, முன் பிரேக்கப் புடிச்சுக்கிட்டு "ம், ஏறு"ன்னு சொல்லோணும். சொல்ற வரைக்கும் நீங்க கைய கட்டிக்கிட்டு நில்லுங்க. அப்பறம் வண்டி எந்தப் பக்கம் சாஞ்சு நிக்குதோ அந்தப் பக்கமாவே ஏறுங்க, எதுப்பக்கம் மிதிச்சா அந்தப் பக்க வீலுக்கு டொக்குனு மாறும், நீங்க சொல்ற ஆட்டம் அதுதான். எறங்கறதும் அதே பக்கம். சேலைன்னா முந்தானைய இடுப்புல சொருகிக்குங்க, மடங்குற கை ஒருக்கா கவ்வுச்சுன்னா விடாது.

கேள்வி: வால்பாறை 40 கொண்டை ஊசிலயும் கால இறக்கிட்டே ஏறுனா சேஃப்பு தானுங்களே? - வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஸ்பீடு லாக் இருக்கற கிட்டுன்னா அதுவே விடாது. லாக் இல்லாத கிட்டுன்னா ஆழியாறு செக்போஸ்ட்லயே திரும்பிருங்க. வளைவுல ட்ராஃபிக் நின்னு போச்சு, மேட்டுல புடிச்சு நிக்கணும்னா மட்டும் இறக்குங்க, ஆனா கால் வண்டிய சாயாமத்தான் புடிக்கும், பின்னால உருளாம புடிக்கறது உங்க பிரேக் தான். கெளம்பறப்ப நேரா நாலடி போய் கால் மடங்குன சத்தம் கேட்டுட்டு ஹேண்டில ஒடிங்க.

கேள்வி: எங்கப்பாவோட சைடு வீல் ஸ்கூட்டரு எப்பப் பாத்தாலும் இடது பக்கமே இழுக்குது. அலைன்மெண்ட் மூணு தடவ பாத்தாச்சு. - வாசகர், பெருந்துறை

பதில்: மொதல்ல ரோட்டப் பாருங்க தம்பி. மழத்தண்ணி ஓடறதுக்காக ரோட்டு நடுவ மேடா, ஓரத்த சரிவா போட்டிருப்பாங்க. ரெண்டு வீல் வண்டி அத சாஞ்சு சரிக்கட்டிக்கும், நாலு வீல் ஸ்கூட்டரு சாயாதே, ரோட்டோட சேந்து அதுவும் சரிவுப் பக்கம் ஒழுகும். மட்டமான எடத்துல, கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி, ஓட்டிப் பாருங்க, அங்க நேராப் போச்சுன்னா வண்டி மேல தப்பு இல்ல. அங்கயும் இழுத்தா சைடு வீல் ரெண்டுலயும் காத்து ஒரே அளவா இருக்குதான்னு பாருங்க, அப்புறம் வீலக் கையால சுத்தி விட்டு பேரிங் சத்தம் கேளுங்க. இடது பேரிங் தான் மொதல்ல போகும், ஓரத்துத் தண்ணி பூரா அதுமேல தான அடிக்குது.