தரமிறங்கினால் என்ன, அடுத்த வருடம் ஏறலாமே?

கேள்வி இதுதான்: “இங்கிலாந்து உதைபந்தாட்டத்தில் ஒரு கழகம் பிரீமியர் லீக்கில் இருந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் பெரிய ஆட்கள்கூடத் தேம்பி அழுகிறார்களே, ஏன்? அடுத்த வருடம் திரும்ப ஏறலாம்தானே?”

நீங்கள் தொலைக்காட்சியில் கடைசி நாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கழுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிற ஒருவரைக் கமராக்காரர் தேடிப் பிடித்துக் காட்டியிருப்பார். தூரத்தில் இருந்து பார்த்தால் அது விசித்திரமாகத்தான் தெரியும். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் “ஏறலாம்தானே” என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே இரவு பதினொன்றரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

ஏறலாம். எல்லாரும் ஏறுவதில்லை. சண்டர்லாந்து 2017இல் இறங்கியது. அடுத்த வருடமே இன்னொரு படி இறங்கியது. திரும்பி வர 2025 ஆனது. லீட்ஸ் 2004இல் இறங்கி 2020இல்தான் வந்தது. பதினாறு வருடம்! போர்ட்ஸ்மத் 2008இல் எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கிய கழகம். 2010இல் இறங்கத் தொடங்கி, 2013இல் நாலாம் பிரிவுக்கே போய்விட்டது. லெஸ்டர் ஒரே வருடத்தில் ஏறியதே என்று யாராவது கீழே எழுதுவீர்கள். ஏறியது, 2024இல். 2025இல் திரும்பவும் இறங்கிவிட்டது.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். இருபது கழகங்களில் கடைசி மூன்று கீழே போகும். போனதும் தொலைக்காட்சிப் பணம் விழுந்துவிடும். மூன்று வருடம் வரை ‘பாரசூட்’ பணம் என்று வருடா வருடம் குறைந்துகொண்டே போகிற ஒரு தொகை கிடைக்கும், அவ்வளவுதான். பெரிய ஆட்டக்காரர்களுக்கு வேறு கழகம் கிடைத்துவிடும். முதல் வெட்டு விழுவது அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் சமையலறையில் நிற்பவர்களுக்கும்தான். அவர்கள் அழுவதைக் கமரா காட்டுவதில்லை.

இனி என் கதை. லிவர்பூலில் வால்ட்டன் பகுதியில், கவுண்டி ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெரு முனையில் எனக்குச் சின்னக் கடை. பால், பாண், பத்திரிகை, சிகரெட், பியர். அங்கிருந்து எவர்ட்டன் கழகத்தின் குடிசன் பார்க் மைதானம் ஆறு நிமிட நடை. 1892இல் திறந்த மைதானம் அது, சிவப்புச் செங்கல் வீடுகளுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரு மூலையில் தேவாலயமே ஒட்டிக்கொண்டு இருக்கும். எவர்ட்டன் 1888இல் லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு கழகங்களில் ஒன்று. ஒன்பது தடவை சாம்பியன். 1954இல் முதல் பிரிவுக்கு வந்த பிறகு இறங்கியதே இல்லை. இந்தத் தெருவில் எழுபது வயதுக்காரருக்குக்கூட இறங்குவது எப்படி இருக்கும் என்று தெரியாது.

நான் ரசிகனாக இங்கே வரவில்லை. ஊரில் குருநகர்ப் பக்கம் உதைபந்து பார்த்து வளர்ந்தவன், அவ்வளவுதான். கடை வாங்கியபோது விற்றவர் சொன்ன ஒரே புத்தி, “ஆட்ட நாளில் கதவைப் பூட்டாதே.” வருடத்துக்குப் பத்தொன்பது உள்ளூர் ஆட்டம். அந்தப் பத்தொன்பது நாள் வியாபாரத்தில்தான் என் மின்சாரக் கட்டணம் போகும். எவர்ட்டன் மின்ட் என்று கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட இனிப்பு ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முன் பழைய கால உடை போட்ட ஒரு பெண் மைதானத்தைச் சுற்றி வந்து அதைக் கூட்டத்துக்குள் எறிவாள். அந்த மின்ட் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

2021–22 சீசனில்தான் எல்லாம் மாறியது. பரம எதிரியான பக்கத்து லிவர்பூல் கழகத்தின் பழைய பயிற்சியாளர் பெனிட்டஸைக் கொண்டுவந்தார்கள். சனம் முதல் நாளே முகம் சுளித்தது. ஜனவரியில் நோரிச்சிடம் தோற்றதும் அவரை அனுப்பிவிட்டு லம்பார்டைக் கூட்டி வந்தார்கள். மார்ச்சில் டொட்டன்ஹாமிடம் ஐந்துக்குப் பூச்சியம். அந்த மாதங்களில் கடைக்கு வருபவர்கள் கதைப்பதையே குறைத்துக்கொண்டார்கள். வழக்கமாக “ஆல்ரைட் லா” என்று கத்திக்கொண்டு வருகிற மனிதர் பேப்பரை எடுத்து, விளையாட்டுச் செய்தி வருகிற பின் பக்கத்தைப் பாராமலே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். மே முதலாம் தேதி செல்சி வந்தபோது, அணியின் பஸ் வருகிற வழியெல்லாம் நீலப் புகை கொளுத்தினார்கள். கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். புகை உள்ளே வந்து பிரிட்ஜ் கண்ணாடி வரைக்கும் நீலமாக நின்றது. அன்று ரிச்சர்லிசன் அடித்த ஒரு கோலில் வென்றார்கள்.

அப்புறம் மே 19, வியாழக்கிழமை இரவு, கிரிஸ்டல் பலஸுடன் ஆட்டம். வென்றால் ஓர் ஆட்டம் மிச்சம் இருக்கத் தப்பிவிடலாம். என் மகன் மைதானத்துக்குள்ளே, கிளாடிஸ் ஸ்ட்ரீட் பக்கத்து இருக்கையில். நான் கடையில். போனில் நேர்முக வர்ணனை வைத்திருந்தேன். போனில் வருகிற வர்ணனை அரை நிமிடம் பிந்தித்தான் வரும். ஆனால் மைதானம் ஆறு நிமிட தூரம், காற்று இந்தப் பக்கம் அடித்தால் சத்தம் உடனே வரும். அதனால் எனக்கு எல்லாம் முதலில் சத்தமாக வரும், பிறகுதான் செய்தியாக வரும்.

முதல் பாதியில் சத்தம் வரவில்லை. வராமல் இருப்பதும் ஒரு செய்திதான். நாற்பதாயிரம் பேர் ஒரேயடியாக அடங்கினால் தெருவில் அது கேட்கும். அரை நிமிடம் கழித்துப் போன் சொன்னது, மட்டேட்டா அடித்துவிட்டான் என்று. பதினைந்து நிமிடத்தில் திரும்ப அதே அடங்கல். இந்த முறை ஐயூ என்பவன். பலஸுக்கு இரண்டு, எவர்ட்டனுக்குப் பூச்சியம்.

இடைவேளையில் லண்டனில் இருந்து என் மச்சான் போன் எடுத்தான். கணக்கியல் வேலை பார்ப்பவன். “இறங்கினால் உனக்கு நல்லதுதானே மச்சான், கீழ்ப் பிரிவில் இருபத்துநாலு அணி, உள்ளூர் ஆட்டம் பத்தொன்பதுக்குப் பதில் இருபத்துமூன்று வரும், நாலு நாள் கூட வியாபாரம்” என்றான். கணக்கு சரி. அவனை மறுக்க எனக்கு ஒரு இலக்கமும் கிடைக்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் எரிந்தது. போனை வைத்துவிட்டேன். அதுவரைக்கும் நான் பயந்தது வியாபாரத்துக்காகத்தான் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம்தான், இல்லை, இது வேறு என்று விளங்கியது.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் முதல் சத்தம் வந்தது. கீன். சத்தம் வந்த உடனே தெரிந்துவிடும், ஆனால் யார் அடித்தது, ரெஃப்ரி செல்லாது என்று சொல்லிவிட்டாரா என்று அந்த அரை நிமிடம் நிற்க வேண்டும். எழுபத்தைந்தாவது நிமிடத்தில் இரண்டாவது, ரிச்சர்லிசன். அந்த நேரம் கடையில் ஒரு தாய் பிள்ளைக்குப் பால் வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. அவள் காசைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள். எண்பத்தைந்தாவது நிமிடத்தில் வந்தது சத்தம் என்று சொல்ல முடியாது, கூரையைப் பிடுங்கியது போல் இருந்தது. சிகரெட் அலுமாரியின் கதவு கிடுகிடுத்தது. கிரே உதைத்த ஃப்ரீ கிக்கைக் கல்வெட் லூயின் பாய்ந்து தலையால் அடித்தான் என்று போன் சொல்லும்போது அந்தத் தாய் பால் போத்தலோடு அழுதுகொண்டிருந்தாள். நானும்தான். மூன்றுக்கு இரண்டு. எவர்ட்டன் 39 புள்ளி, பேர்ன்லியும் லீட்சும் 35. தப்பிவிட்டோம்.

“தப்பிவிட்டோம்” என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். அந்த இரவுக்கு முன்னால் நான் “தப்பிவிட்டார்கள்” என்றுதான் சொல்லியிருப்பேன்.

இதை வாசித்துவிட்டுச் சிலர் எழுதுவார்கள்: போரில் வீடு வாசல் விட்டு வந்த தமிழன், வெள்ளைக்காரனின் பந்துக்கு அழுகிறானாம் என்று. என் சொந்த அண்ணையே அப்படிக் கேட்டார். இழந்தவற்றுக்கு அழுது முடித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினாலு வருடமாக நான் எழும்பிக் கதவு திறக்கிற தெரு இது. இந்தத் தெருச் சனம் மொத்தமும் ஒரு விஷயத்துக்குப் பயப்படும்போது எனக்கு மட்டும் பயம் இல்லை என்று நடிக்க எனக்கு வராது.

அடுத்த வருடம் இதைவிட மோசம். லம்பார்ட் போனார், ஷோன் டைச் வந்தார். 2023 மே 28, கடைசி நாள், போர்ன்மவுத்துடன் ஆட்டம். நிலைமை என்னவென்றால், நாங்கள் சமநிலை எடுத்து லெஸ்டர் வென்றால் புள்ளி சமமாகி, கோல் கணக்கில் நாங்கள் கீழே. லெஸ்டர் முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் நாங்கள் இறங்கிய நிலையில் இருந்தோம்.

அன்று எனக்கு இன்னொரு தலையிடி. மத்தியானம் ஒரு மணிக்கு, நாலரை ஆட்டத்துக்குச் சனம் குவிகிற நேரத்தில், கார்ட் மெஷின் செத்துவிட்டது. இந்தக் கார்ட் மெஷின் கொம்பனிகளைப் பற்றிக் கேள்வியில் ஒன்றும் இல்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். பெயர் வேண்டாம். நாலு வருட ஒப்பந்தம் என்று ஒரு பெடியன் டையோடு வந்து கையெழுத்து வாங்கினான். மாத வாடகை குறைவு என்றான். மெஷின் வேலை செய்யாவிட்டாலும் வாடகை கட்ட வேண்டும், இடையில் நிறுத்தினால் மிச்ச வாடகை முழுவதையும் கட்ட வேண்டும் என்பது பதினோராம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. அன்று உதவி இலக்கத்துக்கு எடுத்தால் ஐம்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் செவ்வாய் வரை பொறுக்கச் சொன்னார்கள். சின்னக் கடை வைத்திருக்கிற எங்கட ஆட்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து கையெழுத்துப் போட முதல் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள்.

இப்போது சனம் காசு கொண்டு திரிவதில்லை. கதவு வரைக்கும் வரிசை. என்ன செய்வது? ஊரில் ஐயா செய்தது போல ஒரு கொப்பியை எடுத்தேன். பெயர், தொகை. பெயர் தெரியாதவர்களுக்கு அடையாளம்: “நீலத் தொப்பி”, “இரட்டைப் பிள்ளைகள்”, “கையில் கட்டு”. எல்லாருக்கும் சாமானைக் கொடுத்து, பிறகு தாருங்கள் என்று அனுப்பினேன். மொத்தம் நாற்பத்தொரு பேர்.

ஐம்பத்தேழாவது நிமிடத்தில் டுக்கூரே பெனால்டிப் பெட்டிக்கு வெளியில் இருந்து அடித்த கோலின் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மாதிரி இருந்தது. மேலதிகமாகப் பத்து நிமிடம் வேறு கொடுத்தார்கள். லெஸ்டர் வென்றது, ஆனாலும் இறங்கியது. நாங்கள் 36 புள்ளி, அவர்கள் 34. அந்த ஒரு கோல் இல்லாவிட்டால் 1954இல் இருந்து வந்தது அன்றோடு முடிந்திருக்கும்.

ஆட்டம் விட்டதும் அவர்கள் கடைக்கு வந்தார்கள். வெற்றி மயக்கத்தில் மறந்து போவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவர் ஒருவராகக் காசு மெஷினில் காசு எடுத்துக்கொண்டு வந்தார்கள். அன்றிரவே முப்பத்திரண்டு பெயரை வெட்டினேன். கிழமை முடிவதற்குள் மிச்சமும் வந்துவிட்டது. “நீலத் தொப்பி” மட்டும் வரவில்லை. ஒருவேளை வேறு தொப்பியோடு வந்து கட்டியிருப்பார், நான்தான் வெட்ட மறந்திருப்பேன்.

அதற்கடுத்த வருடம் நிதி விதியை மீறியதற்காக முதலில் பத்துப் புள்ளி வெட்டினார்கள், முறையீட்டில் ஆறாகக் குறைத்தார்கள், பிறகு இன்னும் இரண்டு வெட்டினார்கள். அதிலும் தப்பினோம். ஆனால் 2025 மேயில் ஆண்கள் அணி குடிசனில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு, ஆற்றங்கரையில் கட்டிய புது மைதானத்துக்குப் போய்விட்டது. குடிசனில் இப்போது பெண்கள் அணி ஆடுகிறது, அந்த நாட்களில் கொஞ்சச் சனம் வருகிறது. எனக்கு அந்தப் பத்தொன்பது நாளும் போய்விட்டது. “வியாபாரத்துக்காகத்தான் இவன் எவர்ட்டன்” என்று எழுத நினைத்தவர்கள் இதையும் சேர்த்து எழுதுங்கள். வியாபாரம் போன பிறகும் சனிக்கிழமை மூன்று மணிக்கு எனக்குக் கைகால் பதறுகிறது. இப்போது சத்தம் வருவதில்லை, போனை மட்டும்தான் நம்ப வேண்டும்.

உங்கள் கேள்வியை இன்று காலை ஒரு பழைய வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். இந்தத் தெருவில் இறங்கிய காலத்தைப் பார்த்தவர் என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். எவர்ட்டன் கடைசியாக இறங்கியது 1951இல், அப்போது அவருக்கு ஆறு வயது. மின்ட் பக்கெட்டைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, “அடுத்த வருடம் ஏறிவிடுவோம் என்றுதான் என் அப்பாவும் சொன்னார்” என்றார். “மூன்று வருடமும் அதையேதான் சொன்னார்.”