ஜெர்மனியில் தொழிற்பயிற்சிப் பாடத்திட்டத்தை யார் உருவாக்குகிறார்கள்?

அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஒரு தொழில் மாறிவிட்டது, பழைய பயிற்சி போதாது என்று முதலாளிகள் சங்கமோ தொழிற்சங்கமோ சொன்னால், பான் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழிற்கல்வி நிறுவனம் இரு தரப்பிலிருந்தும் அந்த வேலை தெரிந்தவர்களைக் கூட்டி, எதை எப்போது கற்றுத்தருவது, தேர்வில் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்று வரிவரியாகப் பேசி முடிவு செய்கிறது. அப்புறம் அமைச்சகம் அதை விதியாக வெளியிடும். நிறுவனத்தில் பயிற்சி பெறுகிறவர்கள் கூடவே போகும் தொழிற்பள்ளியின் பாடம் மட்டும் மாநிலங்களின் பொறுப்பு.

1998இல் வந்த மெக்கட்ரானிக்ஸ் பயிற்சியைப் பாருங்கள். இயந்திரம், மின்சாரம், கணினிக் கட்டுப்பாடு எல்லாம் ஒரே ஆளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதனால் மூன்றரை வருடப் பயிற்சி.

தேர்வுக் குழுவிலும் முதலாளி, தொழிலாளி தரப்பினரோடு ஆசிரியரும் இருப்பார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான், அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கும் அதில் குரல் இருக்கிறது.