மின்னணுச் சாதனங்களை அச்சடிக்கலாம் என்கிறார்களே, எவ்வளவு மெல்லிய கோடு வரை போகலாம்? ஊரில் இருந்து தொடங்க முடியுமா?

அப்பா யாழ்ப்பாணத்தில் கலியாணக் கார்ட்டும் கோயில் திருவிழா நோட்டீசும் ஸ்கிரீனில் அடித்தவர்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் என்ற வலைத்துணி வழியே மையை அழுத்தி அடிக்கும் முறை. நான் பிறகு படித்தது பௌதிகவியல். அதனால் பட்டறையில் இருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் பாவித்த மெஷ்ஷில் ஒரு சென்ரிமீற்றருக்கு 120 இழை. ஓர் இழைக்கும் அடுத்ததுக்கும் ஏறக்குறைய 83 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று). பொம்பிளையின் பெயரில் வரும் மெல்லிய சுழி சில வேளை அறுந்து விழும். அப்பா மையை மாற்றி மாற்றிப் பார்ப்பார். சட்டத்தை லைட்டுக்கு நேரே பிடித்தால்தான் தெரியும்: சுழி போகும் வழியில் ஓர் இழை குறுக்கே நிற்கும்.

ஆனாலும் ஸ்கிரீனைப் பழைய முறை என்று ஒதுக்காதீர்கள். சோலார் பனலின் முகத்தில் தெரியும் வெள்ளிக் கோடுகள் இதே முறையில், மெல்லிய உருக்குக் கம்பி மெஷ்ஷில் அடித்தவை. இன்று 30, 40 மைக்ரோன் அகலத்துக்கு வந்துவிட்டன, தலைமயிரில் பாதி.

மையைத் துளித்துளியாகத் தெறிக்கும் இங்க்ஜெட்டில் ஒரு பிக்கோலீற்றர் (லீற்றரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) துளி பறக்கும்போது 12 மைக்ரோன் குறுக்களவுதான். விழுந்ததும் பரவும். அதுகூடப் பரவாயில்லை, காயும்போதுதான் தொல்லை. மேசையில் சிந்திய கோப்பி காய்ந்தால் நடு வெளிறி, ஓரம் கறுத்து வளையமாக நிற்குமே, வெள்ளித் துகள் கலந்த மையும் அப்படித்தான். ஓரம் விரைவாக ஆவியாகிறது. அதை ஈடுசெய்ய நடுவில் இருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, துகள்களையும் அள்ளிக்கொண்டு. 1997இல் சிக்காகோ ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் இதை விளக்கினார்கள். மெதுவாக ஆவியாகும் கரைப்பான் கொஞ்சம் சேர்த்தால் வளையம் குறையும்.

எனக்கு மிகவும் பிடித்தது 2000இல் கேம்பிரிட்ஜில் ஹென்னிங் சிரிங்ஹவுஸ் குழு செய்த வேலை. தளத்தில் முதலில் நீரை ஒட்டவிடாத பொலிஇமைட் என்ற பிளாஸ்ரிக்கில் வரம்பு ஒன்று. நீரில் கரைத்த, மின்கடத்தும் பொலிமர் மையை அதன் இரு பக்கமும் விட்டார்கள். வயல் வரம்புக்கு இருபுறமும் தண்ணீர் நிற்பதுபோல மை நின்றது. துளி பெரியதுதான், ஆனால் நடுவே கிடைத்த இடைவெளி 5 மைக்ரோன். அதுதான் ட்ரான்சிஸ்டர் என்ற மின் சுவிட்ச்சில் மின்னோட்டம் போகும் வாய்க்கால். துளியைச் சிறிதாக்க அலைவதை விட, விழும் இடத்தைப் பதப்படுத்துவதே கெட்டித்தனம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இன்னும் நுண்மை வேண்டுமென்றால் மையைத் தள்ளாமல் இழுக்க வேண்டும். ஊசிக்கும் தளத்துக்கும் நடுவே உயர் மின்னழுத்தம் கொடுத்தால் ஊசி முனையில் மை கூம்பாகி, துளையை விட மெல்லிய தாரையாகப் புறப்படும். 2007இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரொஜர்ஸ் குழு ஒரு மைக்ரோனுக்கும் குறைந்த புள்ளிகளை இப்படி வைத்துக் காட்டியது. ஓர் ஊசியால் ஒவ்வொரு புள்ளியாக வைப்பதென்றால் வேகம் கிடைக்காது. அச்சை அழுத்திப் பதிக்கும் நனோஇம்ப்ரின்ட் 1995இலேயே 25 நனோமீற்றரைத் தொட்டுவிட்டது (ஆயிரம் நனோமீற்றர் ஒரு மைக்ரோன்). அது ஸ்டீபன் சூ என்ற பொறியியலாளரின் வேலை. ஆனால் அங்கே மை இல்லை, முத்திரை குத்துவது போன்றது.

சரி, ஊரில் தொடங்குவது. பட்டறை இருந்தால் வெள்ளிப் பசையும் பொலியெஸ்டர் தாளும் போதும். கோட்டை 200 மைக்ரோனுக்குக் கீழே முதலில் இறக்காதீர்கள். பசையைச் சுமார் 120 பாகை செல்சியஸில் கால் மணித்தியாலம் சூடாக்க வேண்டும். நான் முதல் தரம் கடையில் வாங்கிய சாதாரணப் பொலியெஸ்டர் தாளில் அடித்தேன். ஓவனில் வைத்ததும் அது பப்படம்போலச் சுருண்டது. இப்போது வெறுந்தாளை முதலே ஒருமுறை சூடாக்கிச் சுருங்கவிட்டு, ஆறிய பிறகுதான் அடிக்கிறேன். பசை காய்ந்ததும் மல்ரிமீற்றரை இரு முனையிலும் வைத்துப் பாருங்கள். மின்தடை வாசிப்பே காட்டாவிட்டால், கோடு எங்கோ அந்தச் சுழிபோல அறுந்திருக்கிறது.